ஒரே அரங்கம், இரண்டு வாதங்கள்

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்றார் வள்ளுவர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவன் ஆகிய நான்கையும் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் எண்ணி உரைக்கிறார். இக்காலத்தில் ஐந்தாவது கூறு ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. பணம் கொடுப்பவன் யார் என்பதே அது. நோயாளியே கொடுப்பதா, அவன் பிள்ளைகள் கொடுப்பதா, அறநிலையங்கள் கொடுப்பதா, நாட்டு மக்கள் அனைவரும் வரியாகச் சேர்த்துக் கொடுப்பதா? உலகெங்கும் மருத்துவச் சீர்திருத்தம் பற்றி எழுந்த பெரும் பூசல்கள் எல்லாம் இந்த ஐந்தாவது கூற்றைப் பற்றியவையே.

நம் சங்கத்தின் சொற்பயிற்சிக் கூட்டங்களில் ஒன்றை நான் கவனித்து வருகிறேன். ஒருவர் பேசியதும் "நன்றாகப் பேசினார்" என்கிறோம். மற்றவர் பேசியதும் "அவரும் நன்றாகத்தான் பேசினார்" என்கிறோம். இரண்டு வாதங்களையும் பக்கம் பக்கமாக வைத்து எடை போடுவதில்லை. அக்கலையைப் பயில்வதற்கு ஏற்றதொரு வழக்கை இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டேன். 1962ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க் நகரில் ஒரே அரங்கிலிருந்து, ஒரே மசோதாவைப் பற்றி, அடுத்தடுத்து நாட்டு மக்களை எட்டிய இரண்டு சொற்பொழிவுகள் அவை. ஒன்று குடியரசுத் தலைவர் கென்னடியுடையது. மற்றது டாக்டர் எட்வர்ட் ஆன்னிஸ் என்னும் அறுவை மருத்துவருடையது.

வழக்கின் வரலாறு

1945ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன், அமெரிக்கக் காங்கிரசுக்கு ஒரு செய்தி அனுப்பினார். நாட்டு மக்கள் அனைவரையும் உள்ளடக்கிய மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனைக் கடுமையாக எதிர்த்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் 25 டாலர் தரவேண்டும் என்று விதித்து நிதி திரட்டியது. விட்டேக்கர், பாக்ஸ்டர் என்னும் பிரசார வல்லுநர் இருவரை அமர்த்திக்கொண்டது.

அவ்விருவரும் கையாண்ட கருவிகளில் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. லூக் ஃபைல்ட்ஸ் என்னும் ஆங்கில ஓவியர் 1891இல் காட்சிக்கு வைத்த 'டாக்டர்' என்னும் படத்தை அவர்கள் சுவரொட்டியாக்கினார்கள். ஏழைக் குடிசை, இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துக் கிடத்தப்பட்ட நோயுற்ற குழந்தை, முகவாயைக் கையில் தாங்கி அதனையே உற்று நோக்கும் மருத்துவர், பின்புறம் கலங்கி நிற்கும் பெற்றோர். இந்தப் படத்திற்குள் அரசியலை நுழையவிடாதீர்கள் என்பது சுவரொட்டியின் வாசகம். வள்ளுவர் கூறிய நான்கும் அப்படத்தில் உண்டு. ஐந்தாவதாகிய பணம் மட்டும் இல்லை. மருத்துவர் புறப்படும்போது அந்தத் தகப்பன் என்ன கொடுத்தான், எங்கே கடன் வாங்கினான் என்று படம் சொல்லாது. சொல்லாமல் விட்டதுதான் அதன் வலிமை. ட்ரூமனின் திட்டம் நிறைவேறவில்லை.

ஆகவே சீர்திருத்தத்தை விரும்பியோர் தங்கள் கோரிக்கையைச் சுருக்கிக்கொண்டனர். 'அனைவருக்கும்' என்பதை விட்டு, '65 வயது கடந்த முதியோருக்கு' என்றனர். முதியோர்க்கு நோயும் மிகுதி, வருவாயும் குறைவு, அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மருத்துவமனை இன்ஷூரன்ஸ் இல்லை.

1960இல் கெர்–மில்ஸ் சட்டம் வந்தது. வறிய முதியோர்க்கு உதவ மாநிலங்களுக்கு மத்திய அரசாங்கம் பணம் தரும். ஆனால் உதவி கேட்பவர் தம் வறுமையை மெய்ப்பிக்க வேண்டும். மாநிலங்கள் விரும்பினால் திட்டத்தை ஏற்கலாம், விரும்பாவிடில் விட்டுவிடலாம். சில மாநிலங்களில் பிள்ளைகளின் வருவாயையும் கணக்கில் எடுத்தார்கள்.

1961இல் கிங்–ஆண்டர்சன் மசோதா வந்தது. இது வேறு வழி. தொழிலாளர் ஊதியத்தில் ஒரு சிறு பங்கைச் சமூகப் பாதுகாப்பு நிதியில் சேர்த்து, அவர்கள் முதுமையடைந்தபின் மருத்துவமனைச் செலவை அந்நிதியிலிருந்து கொடுப்பது. ஏழையா, செல்வனா என்ற கேள்வி இதில் இல்லை. டாக்டரின் கட்டணமும் இதில் அடங்காது.

இசைத்தட்டில் வந்த அச்சம்

மசோதா வந்த ஆண்டிலேயே மருத்துவச் சங்கம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதில் பேசியவர் அந்நாளில் திரைப்பட நடிகராக இருந்த ரொனால்ட் ரீகன். டாக்டர்களின் மனைவியர் அண்டை வீட்டுப் பெண்களைக் காப்பிக்கு அழைத்து, அத்தட்டைப் போட்டுக் காட்டி, காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதச் செய்தார்கள்.

ரீகனின் வாதம் படிக்கட்டு போன்றது. இன்று முதியோர்க்கு என்பார்கள். நாளை எல்லோர்க்கும் என்பார்கள். இன்று செலவைக் கொடுப்பார்கள். நாளை டாக்டர் எந்த ஊரில் தொழில் செய்யவேண்டும் என்று கட்டளையிடுவார்கள். கடைசிப் படியில் நின்று முதியவர்கள் தம் பிள்ளைகளிடம், மனிதர் சுதந்திரமாக வாழ்ந்த பழைய அமெரிக்காவைப் பற்றிக் கதை சொல்லவேண்டி வரும் என்று முடித்தார். இவ்வாதம் மசோதாவில் எழுதியிருப்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதற்குப் பின்னால் வரக்கூடியதைப் பற்றியே பேசுகிறது. இத்தகைய வாதத்தை அன்றைக்கே மறுக்கவும் முடியாது; அன்றைக்கே நிறுவவும் முடியாது. காலம்தான் அதற்கு நடுவர்.

கென்னடியின் வாதம்

1962 மே 20ஆம் நாள் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் முதியோர் ஆயிரக்கணக்கில் கூடினர். தொலைக்காட்சியும் அதை நாடெங்கும் கொண்டு சென்றது. கென்னடி எழுதி வைத்திருந்த உரையை ஒதுக்கிவிட்டு, மனத்தில் தோன்றியவாறே பேசினார்.

அவர் உரையின் நடுவே ஒரு குடும்பம் நிற்கிறது. வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர். சொந்த வீடு உண்டு. வங்கியில் சிறிது சேமிப்பு உண்டு. மனைவி நோய்வாய்ப்படுகிறாள். முதலில் சேமிப்புப் போகிறது. பிறகு வீடு அடமானத்திற்குப் போகிறது. பிறகு பிள்ளைகளிடம் போகிறார். அவர்களுக்கோ வீட்டுக்கடனும் குழந்தைகளின் படிப்பும் இருக்கின்றன. அவர்கள் சேமிப்பும் கரைந்தபின், தாம் ஓட்டாண்டி என்று எழுதிய மனுவில் கையெழுத்திட்டு அரசாங்கத்திடம் உதவி கேட்கிறார்.

இவ்வெடுத்துக்காட்டின் அமைப்பைப் பாருங்கள். படிப்படியாக இறங்கும் கதை இது. ரீகன் ஒரு நாடு சறுக்கி விழுவதைக் காட்டினார். கென்னடி ஒரு குடும்பம் சறுக்கி விழுவதைக் காட்டினார். கதையின் உச்சம் நோயும் அன்று, மரணமும் அன்று, அந்த மனு. மானத்தோடு வாழ்ந்தவன் தன்னை வறியவன் என்று தானே எழுதிக் கொடுக்கும் கணம். கெர்–மில்ஸ் சட்டத்தின் பெயரை மட்டும் சொல்லித் தாக்கியிருந்தால் யார் உள்ளத்திலும் பதிந்திராது. ஒரு கையெழுத்தின் வழியே அச்சட்டத்தின் குறையை அவர் காட்டிவிட்டார்.

மேலும் இரண்டு கூறினார். ஐரோப்பிய நாடுகள் பல இத்துறையில் நம்மை முந்திவிட்டன என்பது ஒன்று. 1930களில் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சீர்திருத்தங்களை இன்று எல்லோரும் இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்பது மற்றொன்று. பக்கவாதத்தால் மருத்துவமனையில் இருந்த தம் தந்தையைப் பார்த்து வந்ததையும் குறிப்பிட்டார். தந்தையால் செலவைத் தாங்க முடிகிறது என்றும் ஒளிவின்றிச் சொன்னார்.

ஆன்னிஸின் வாதம்

மருத்துவச் சங்கம் தனக்கும் அதே அளவு நேரம் வேண்டுமென்று கேட்டது, கிடைக்கவில்லை. எனவே பணம் கொடுத்து அரைமணி நேரம் வாங்கியது. கென்னடியின் கூட்டம் கலைந்தபின் அதே அரங்கில் ஆன்னிஸின் பேச்சைப் படம்பிடித்து, மறுநாள் இரவு ஒளிபரப்பியது. காலியான நாற்காலிகள், தரையெங்கும் இறைந்து கிடந்த காகிதக் குப்பைகள், நடுவே ஒரே ஒரு மனிதர்.

முதல் வாதத்தை அவர் வாய் திறக்குமுன்பே அரங்கம் சொல்லிவிட்டது. நேற்று இங்கே ஆரவாரம் இருந்தது. இன்று அமைதியாக யோசிப்போம் என்பதே அதன் பொருள். கென்னடி தம்மோடு ஏற்கெனவே உடன்பட்ட கூட்டத்தைப் பார்த்து உரத்துப் பேசினார். வீட்டில் இருந்து பார்த்தவனுக்கு அது பிறர் வீட்டுக் கல்யாணம் போல இருந்தது. ஆன்னிஸ் வீட்டில் இருந்தவனையே நேராகப் பார்த்துப் பேசினார்.

அவருடைய வாதங்களை நான்காகத் தொகுக்கலாம். முதலாவது, உதவி தேவைப்படும் முதியோர்க்குக் கெர்–மில்ஸ் சட்டம் இருக்கிறது. இரண்டாவது, இம்மசோதா தேவை உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் ஒருங்கே கொடுக்கிறது. அதற்கு உழைக்கும் இளைஞனின் ஊதியத்தைப் பிடிக்கிறது. மூன்றாவது, முதியோர் நம்புவதைவிட இது கொடுப்பது மிகக் குறைவு. டாக்டரின் கட்டணம் இதில் இல்லை. நான்காவது, நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே அரசாங்கம் வந்து நிற்கும்.

ஒப்பு நோக்குதல்

இப்போது தராசை எடுப்போம். மூன்று எடைக்கற்கள் போதும் என்பது என் கருத்து.

முதலில், ஒவ்வொருவரும் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறார்? "நோய் வந்தால் குடும்பம் என்ன ஆகும்?" என்பது கென்னடியின் கேள்வி. "யார் கொடுப்பது, யார் ஆள்வது?" என்பது ஆன்னிஸின் கேள்வி. ஒருவர் மற்றவரின் கேள்விக்கு நேரே விடை சொல்லவில்லை. அதனால்தான் இருவரும் நன்றாகப் பேசியதாக நமக்குத் தோன்றுகிறது. இரு வாதங்களும் உண்மையாக மோதும் இடம் ஒன்றே ஒன்று. அது அந்த மனு. தேவையை மெய்ப்பித்தவனுக்கு மட்டும் கொடுப்பதா? மெய்ப்பிக்கச் சொல்லாமல் உரிமையாக எல்லோர்க்கும் கொடுப்பதா? பணத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது முதல் வழி; மானத்தைக் காப்பது இரண்டாவது வழி. ஆன்னிஸின் இரண்டாவது வாதம் வலியது. கென்னடி தம் தந்தையைப் பற்றிச் சொன்னதையே எடுத்து, "அச்செல்வரின் மருத்துவமனைச் செலவை ஏன் ஓர் ஆலைத் தொழிலாளி கொடுக்கவேண்டும்?" என்று ஒருவர் கேட்டால் விடை எளிதன்று. அதற்கு மறுதரப்பு தரக்கூடிய விடை, "அவரவர் பங்களித்த நிதி இது, பங்களித்தவன் கை நீட்டிக் கேட்கவேண்டியதில்லை" என்பதே.

இரண்டாவது, ஒவ்வொருவரும் எதைச் சொல்லாமல் விட்டார்? கென்னடியின் குடும்பத்திற்கு வீடு உண்டு, சேமிப்பு உண்டு. தொடக்கம் முதலே ஏதுமில்லாத முதியவன் அக்கதையில் இல்லை. ஆன்னிஸ் கெர்–மில்ஸ் சட்டம் இருக்கிறது என்றார். அதனை ஏற்காத மாநிலத்து முதியவன் எங்கே போவான் என்பதைக் கூறவில்லை. அவருடைய மூன்றாவது வாதத்தையும் நான்காவதையும் சேர்த்துப் பாருங்கள். திட்டம் மிகச் சிறியது என்பது ஒன்று. அரசாங்கம் எல்லாவற்றையும் விழுங்கும் என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. இக்குறையை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

இருவருமே விட்டது ஒன்று உண்டு. அந்நாளில் தென்மாநிலங்களில் கறுப்பு மக்களுக்குப் பல மருத்துவமனைகளின் கதவுகள் மூடியிருந்தன. அல்லது தனி வார்டுகளில் ஒதுக்கப்பட்டனர். பணம் யார் கொடுப்பது என்று வாதிட்டவர்கள், கதவு யாருக்குத் திறக்கும் என்பதை வாதத்தின் நடுவுக்குக் கொண்டுவரவில்லை.

மூன்றாவது எடைக்கல், ஒவ்வொருவரும் எதிர்காலத்தைப் பற்றி என்ன முன்னுரைத்தார் என்பது. இதற்கு விடை காண வரலாற்றைத் தொடர்வோம்.

காலம் தந்த தீர்ப்பு

1962 ஜூலை 17ஆம் நாள் செனட் சபையில் 52க்கு 48 என்ற கணக்கில் திட்டம் தோற்றது. அந்த ஆண்டின் வெற்றி ஆன்னிஸின் தரப்புக்கே. 1964 தேர்தலில் லிண்டன் ஜான்சன் பெருவெற்றி பெற்றதும் நிலை மாறியது.

அப்போது நடந்தது வாதக்கலை பயில்வோர்க்கு ஒரு விருந்து. மசோதா போதாது, டாக்டரின் கட்டணத்தைத் தரவில்லை என்று எதிர்த்தரப்பார் தொடர்ந்து கூறிவந்தார்களல்லவா? காங்கிரசின் நிதிக் குழுத் தலைவர் வில்பர் மில்ஸ் அதனையே பிடித்துக்கொண்டார். மருத்துவமனை இன்ஷூரன்சோடு டாக்டரின் கட்டணத்திற்கான இன்ஷூரன்சையும், வறியோர்க்கான உதவித் திட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். எதிர்ப்பதற்காகச் சொன்ன குறை, திட்டத்தைப் பெரிதாக்கும் காரணமாயிற்று. தான் உண்மையில் விரும்பாத ஒன்றை வாதத்திற்காக விரும்புவதுபோல் பேசுபவனுக்கு இது பாடம்.

1965 ஜூலை 30ஆம் நாள், மிசௌரி மாநிலத்தில் ட்ரூமனின் சொந்த ஊராகிய இண்டிபெண்டன்சில் ஜான்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். 'மெடிகேர்' எனப்படும் அத்திட்டத்தின் முதல் அட்டை முதியவர் ட்ரூமனுக்கே வழங்கப்பட்டது.

முன்னுரைகள் பலித்தனவா? டாக்டர் எந்த ஊரில் தொழில் செய்வது என்று அரசாங்கம் கட்டளையிடவில்லை. டாக்டர்களின் வருவாயும் உயர்ந்தது. இங்கே அச்சம் பொய்த்தது. ஆனால் செலவு, சட்டம் இயற்றியோரின் மதிப்பீட்டை விரைவில் மிஞ்சியது. 1983இல் நோயின் வகைக்கேற்ப இவ்வளவுதான் தருவோம் என்று மருத்துவமனைகளுக்கு அரசாங்கம் தொகை வகுத்தது. செலவு கொடுப்பவன் கணக்கும் கேட்பான் என்ற எச்சரிக்கையில் உண்மை இருந்தது. படிக்கட்டு வாதமோ பாதி பலித்தது. 1972இல் உடல் ஊனமுற்றோர்க்கும் சிறுநீரகம் செயலிழந்தோர்க்கும் திட்டம் நீண்டது. ஆயினும் எல்லோரையும் உள்ளடக்கும் திட்டமாக அது வளரவில்லை. கென்னடி தரப்பின் முன்னுரையோ பெரிதும் பலித்தது. ரூஸ்வெல்ட் காலத்துத் திட்டங்களைப் போலவே இதுவும் மக்கள் வாழ்வில் வேரூன்றியது.

அரங்கில் எவரும் பேசாத பொருளும் தலைநிமிர்ந்தது. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, நிறவேற்றுமை காட்டும் மருத்துவமனைக்கு மத்திய அரசின் பணம் இல்லை. 1966இல் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தென்மாநிலங்களின் மருத்துவமனைகளுள் பெரும்பாலானவை சில மாதங்களுக்குள் தம் கதவுகளைத் திறந்தன. பணம் கொடுப்பவன் யார் என்ற கேள்விக்கு அளித்த விடை, கதவு யாருக்குத் திறக்கும் என்ற கேள்விக்கும் விடையாயிற்று.

நமக்குப் பயன் என்ன?

இது அயல்நாட்டு வழக்கு என்று ஒதுக்கவேண்டாம். 1946இல் போர் குழு தன் அறிக்கையில், பணம் கொடுக்க இயலாமையால் எவர்க்கும் தக்க மருத்துவ உதவி கிடைக்காமற் போகக்கூடாது என்பதை அடிப்படைக் கொள்கையாக வைத்தது. நம் சென்னையின் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினர். 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், வறிய குடும்பங்களைப் பட்டியலிட்டு, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழிசெய்தது. 2024இல் அதே திட்டம் 70 வயது நிரம்பிய எல்லோர்க்கும், வருவாய் பாராமல் விரிக்கப்பட்டது. தேவையா, உரிமையா? பட்டியலா, பொதுவா? மாடிசன் ஸ்கொயர் கார்டனில் மோதிய அதே இரண்டு கொள்கைகள் நம் நாட்டில் ஒரே திட்டத்திற்குள் அடுத்தடுத்து இடம்பெற்றிருக்கின்றன. மருத்துவமனையில் தங்காமல் டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிவரும் அன்றாடச் செலவை இதுவும் ஏற்கவில்லை. ஆன்னிஸின் மூன்றாவது வாதம் இங்கும் எழுந்து நிற்கும்.

ஆதலால் இப்பொருள் பற்றி நீங்கள் மேடையேறும்போதும், விடுதி உணவுக் கூடத்தில் பிறமாநிலத்து நண்பர்களோடு வாதிடும்போதும் நான்கு கேள்விகளைக் கைவிடாதீர்கள். எதிராளி எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறார்? இரு தரப்பும் உண்மையிலேயே மோதும் இடம் எது? இருவர் பேச்சிலும் இடம்பெறாத மனிதன் யார்? சொல்லப்படும் முன்னுரையைப் பத்தாண்டு கழித்து எதைக்கொண்டு சோதிக்கலாம்?

கைதட்டல் அன்றிரவோடு அடங்கிவிடும், நாற்காலிகள் காலியாகும், குப்பையைப் பெருக்கிவிடுவார்கள். மருத்துவமனைக் கணக்காளர் முன்னால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் முதியவர் மட்டும் மறுநாளும் நிற்பார். நம் வாதம் அவருக்கு என்ன விடை சொல்கிறது என்பதே அதன் கடைசி எடை.